ஆடுவோர்க்கேற்ற ஆட்டம்

உழைப்பும் ஓய்வும் மாறி மாறி வருவதே மனித வாழ்க்கை. ஓய்வை இனிது கழிப்பதற்கு மக்கள் கண்ட வழிகளுள் விளையாட்டுத் தலையாயது. ஓடியாடும் விளையாட்டிற்கு உடல்வலி வேண்டும். அமர்ந்தாடும் ஆட்டத்திற்கோ சூழ்ந்திருக்க நால்வரும், தரையிற் கீறக் கரித்துண்டொன்றும், உருட்டவும் நகர்த்தவும் சில புளியங்கொட்டைகளும் இருந்தாற் போதும். முதியவரும் சிறுவரும், ஆடவரும் மகளிரும் ஒருங்கமர்ந்து ஆடத்தக்கவை அவையே. ஆயினும் எந்தக் கூட்டத்திற்கு எந்த ஆட்டம் ஏற்றதென ஆராய்ந்து தேர்பவர் சிலரே. தாம் வல்ல ஆட்டத்தையே பிறர் முன்னும் விரித்து வைத்தல் பலர்க்கு இயல்பு. விருந்திற்குச் சமைப்போன் தன் நாவை நோக்காது விருந்தினர் நாவை நோக்குதல் போல, ஆட்டத்திற்குப் புதியோரை அழைப்போனும் அவர்தம் நிலையையே நோக்குதல் வேண்டும். இச்சிறு செய்தியுள் பெரிய பயன் அடங்கியிருத்தலைத் தருமபுரி மாவட்டத்துச் சிற்றூரொன்றில் யான் கண்டேன். அதனை நம் கல்லூரி நேயர்கட்கு உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

தகடூர் என்னும் பழம்பெயருடைய தருமபுரி, அதியமானாலும் ஒளவையாராலும் தமிழுலகம் நன்கறிந்த ஊர். 1965-ஆம் ஆண்டில் சேலத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. 2004-இல் கிருஷ்ணகிரி அதனின்றும் பிரிந்து வேறு மாவட்டமாயிற்று. காவிரி பாயும் ஒகேனக்கல் இம்மாவட்டத்தில் உளதெனினும், பெரும்பாலான ஊர்கள் மழையையே நம்பி வாழ்வன. கேழ்வரகும் புளியும் மாவும் அவற்றின் செல்வம். வேலை குறைந்த மாதங்களில் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் குடும்பத்தலைவர் பலர் கூலிவேலை நாடிச் சென்றுவிட, வீடுகளிற் பாட்டியரும் பேரப்பிள்ளைகளுமே எஞ்சியிருத்தலை அங்குச் செல்வோர் எவரும் காணலாம்.

பென்னாகரம் வட்டத்தைச் சேர்ந்த அத்தகைய ஊரொன்றில், நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் எங்கள் மாணவர் குழு ஏழுநாள் முகாமிட்டிருந்தது. பகலில் குளக்கரையைத் திருத்துதல் எங்கள் பணி. மாலையில் இடையிற் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளைக் கண்டு, அவர்களை மீண்டும் சேருமாறு சொல்லுதல் மற்றொரு பணி. முன்னது எளிதாயிற்று, பின்னது ஆகவில்லை. பள்ளி என்ற சொல்லை எடுத்த மாத்திரத்தில் அப்பிள்ளைகள் கோயில் மண்டபத்துத் தூண்மறைவிற் சென்று நிற்பர். மறுமுறை கேட்டால் வீட்டிற்கே போய்விடுவர். எங்களை நடத்திச் சென்ற ஆசிரியர் இதனைக் கண்டு, “பேச்சை நிறுத்துங்கள், அவர்களோடு அமர்ந்து ஆடுங்கள்,” என்றார். ஆட்டங்களை ஏற்பாடு செய்யும் பொறுப்பு என்பால் வந்தது.

முதல்நாள் மாலை நண்பரொருவர் தம் சதுரங்கப் பலகையை எடுத்து வந்தார். சதுரங்கம் நம் நாட்டிற் பிறந்து உலகெங்கும் சென்ற பேராட்டம். சென்னை இளைஞர் குகேஷ் 2024-ஆம் ஆண்டில் உலகப் பட்டம் வென்றபோது அவருக்கு அகவை 18. அப்புகழை எடுத்துரைத்து நண்பர் ஆட்டத்தைத் தொடங்கினார். கால்மணி நேரத்தில் இரு சிறுவர் தோற்றனர். மூன்றாவதாக அமர எவரும் முன்வரவில்லை. ஆறு வகைக் காய்களும் ஆறு வேறு நடையுடையன. அவற்றை மனத்திற்கொள்ளுமுன்னரே புதியவன் தோற்றுவிடுகிறான். பகடை இல்லாமையால், தேர்ந்தவனைப் புதியவன் ஒருமுறையேனும் வெல்லும் வாய்ப்பும் இல்லை. பல்லாண்டு பழகுவார்க்கு இதுவே அவ்வாட்டத்தின் பெருமை. ஒருமாலை மட்டும் வந்தமர்வார்க்கு இதுவே தடை.

மற்றொரு புறத்தில் வாணிக ஆட்டமொன்று விரிக்கப்பட்டிருந்தது. 1935-இல் அமெரிக்காவில் மொனாப்பலி என்னும் பெயரால் விற்பனைக்கு வந்து, பின்னர் நம் நாட்டிலும் பல பெயர்களால் அச்சிடப்பட்ட ஆட்டவகை அது. அதன் சீட்டுகள் யாவும் ஆங்கிலம். அருகமர்ந்த மூதாட்டி ஒருவர் சீட்டொன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இதில் என்ன எழுதியிருக்கிறது, கண்ணு?” என்று வினவினார். யாம் படித்துச் சொன்னோம். மும்முறை கேட்டபின், மாட்டிற்குத் தண்ணீர் காட்ட வேண்டுமென்று எழுந்து சென்றார், திரும்பி வரவில்லை. அவ்வாட்டத்திற்கு வேறொரு குறையும் உண்டு. கைப்பொருள் இழந்தவர் ஆட்டத்தை விட்டு விலகி, ஏனையோர் ஆடி முடிக்குந்துணையும் வாளா இருத்தல் வேண்டும். புதிதாக வந்தவரே முதலில் இழப்பவராதலின், அழைத்து வந்தவரையே வெளியே அமர்த்தும் விதி அது.

இரண்டாம்நாள் பரமபதத் தாள் ஒன்றை விரித்தேன். வைகுண்ட ஏகாதசி இரவிற் கண்விழித்திருப்போர் அதனை ஆடுதல் தமிழ்நாட்டு வழக்கம். பாம்பும் ஏணியுமாக மேனாடு சென்று 1890-களில் இங்கிலாந்தில் அச்சேறியது இவ்வகை ஆட்டமே. அதிற் கற்க வேண்டுவது ஒன்றுமில்லை. நான்கு வயதுக் குழந்தையும் தொண்ணூறு வயதுப் பாட்டியும் நிகராவர். பெரிய பாம்பு கடித்து ஒருவர் அடிக்கட்டத்திற்கு இறங்கியபோது மண்டபம் முழுதும் சிரிப்பெழுந்தது. இறங்கியவரும் உடன் சிரித்தார். தோல்வி பகடையினுடையது, தம்முடையதன்று என்பதை எல்லாரும் அறிவர். தூண்மறைவில் நின்றவர் ஓரிருவர் அன்றே அணுகி வந்தனர். ஆயினும் எண்ணுதற்கு இடமில்லாத ஆட்டமாதலின், மூன்று சுற்றுக்குப்பின் பெரிய பிள்ளைகள் கொட்டாவி விடத் தொடங்கினர். கூச்சத்தைப் போக்க அது நன்று. கூட்டத்தை நிலைநிறுத்த அது போதாது.

மூன்றாம்நாள் தாயம். இதற்குப் பாட்டியர் தாமே வந்தமர்ந்தனர். பித்தளைக் கட்டைகளும் அவர்கள் வீட்டினின்றே வந்தன. உருட்டி வரும் எண்ணால் எந்தக் காயை நகர்த்துவது, எதனை வெட்டுவது, எதனை மலையில் நிறுத்திக் காப்பது என்பன ஆடுவோர் அறிவிற்கு விடப்படுதலின், நற்பேறும் நுண்ணறிவும் அதில் ஏறக்குறைய ஒத்து நிற்கின்றன. ஆனால் தாயம் விழுந்தாலன்றிக் காய் உள்ளே புகாது. ஒவ்வொரு கட்டையிலும் நான்கு பக்கங்கள். அவற்றுள் ஒன்று வெறுமை, ஏனையவற்றில் முறையே ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரு கட்டைகளும் சேர்ந்து விழும் வகை 16. அவற்றுள் தாயமாவன 2. எனவே எட்டில் ஒரு பங்கே வாய்ப்பு. கணக்கிட்டுப் பார்ப்பின், எட்டு முறை உருட்டியும் தாயம் காணாதவர் மூவரில் ஒருவராவது இருப்பர். பழகியவர் இதனைப் பேசிச் சிரித்துப் பொறுப்பர். புதியவர் தம்மை ஆட்டம் வேண்டாவென்று ஒதுக்கிவிட்டதாகவே கருதுவர். ஆகவே, ஒவ்வொருவர்க்கும் ஒரு காய் தொடக்கத்திலேயே உள்ளிருக்கட்டும் என்று யாம் வேண்டினோம். பாட்டியர் சிறிது முணுமுணுத்துப் பின் இசைந்தனர். அன்று எவரும் இடையில் எழுந்து போகவில்லை.

நான்காம்நாள் நிகழ்ந்ததே யான் முதன்மையாகக் கூற விரும்புவது. மூதாட்டி ஒருவர் கரித்துண்டால் மண்டபத் தரையில் ஆடுபுலிக் கட்டம் வரைந்தார். தென்னாட்டுக் கோயில்கள் பலவற்றின் கல்தளங்களில் இக்கட்டம் வெட்டப்பட்டிருத்தலை நேயர்கள் கண்டிருத்தல் கூடும். கோடுகள் கூடும் இடங்கள் 23, புலிகள் 3, ஆடுகள் 15. ஆடுகளை ஒவ்வொன்றாக வைத்து முடிக்குந்துணையும் வைத்த ஆடு நகரலாகாது. புலியோ முதலினின்றே உலாவும். அடுத்துள்ள ஆட்டைத் தாண்டி வெறும்புள்ளியிற் குதித்தால் அவ்வாடு இரையாம். மூன்று புலிகளையும் நகரவொட்டாமல் அடைத்துவிட்டால் ஆடுகளுக்கு வெற்றி. விதி இவ்வளவே; இரண்டு நிமிடத்திற் சொல்லி முடிக்கலாம். எழுத்தறிவு சிறிதும் வேண்டா.

இருவர் ஆடும் ஆட்டம் இஃதெனினும், அம்மூதாட்டி ஆட்டுப்பக்கத்திற்கு ஐந்து பெண்பிள்ளைகளை அமர்த்தினார். புலிப்பக்கத்திற்கு நம் சதுரங்க நண்பரை அழைத்தார். ஆடுபுலி பெரும்பாலும் ஆடவர் மரத்தடியில் ஆடுவது என்று ஒருவர் கூற, “புலிக்கு முன்னால் எல்லாரும் ஆடுதான், உட்காருங்கள்,” என்றார் அவர். ஐவரும் ஒவ்வொரு வைப்பிற்கும் தம்முள் மெல்லப் பேசினர். “அவசரப்படாதே, முதலில் ஓரத்தைப் பிடி. பின்னால் இடமில்லாத ஆட்டைப் புலியால் தாண்ட முடியாது,” என்று பாட்டி சொல்லிக்கொடுத்தார். முதலாட்டத்தில் நண்பர் வென்றார். இரண்டாவதில், அதுவரை வாய்திறவாத ஒருத்தி, புலி எங்குச் செல்லும் என்பதை இரண்டு நடைக்கு முன்னரே விரலாற் சுட்டி, தோழியர்க்கு உணர்த்தத் தொடங்கினாள். நான்கு ஆடுகளை இழந்தும் எஞ்சிய பதினொன்றால் மூன்று புலிகளையும் மூலையில் அடைத்துவிட்டனர். நண்பர் மனமுவந்து கைதட்டி, அவளிடமே விளக்கம் கேட்டார். மாவட்டத்தில் ஆட்டத்திற் பேர்பெற்றவர் அவர். ஒன்பதாம் வகுப்பில் நின்றவள் அவள். அன்று அவர் மாணவர், அவள் ஆசிரியை.

ஒன்று சேர்ந்த எளியோர் வலியோரை அடக்குதலே இவ்வாட்டத்தின் உயிர். மந்தையைக் காக்கப் புலியோடு பொருது மாய்ந்தவர்க்கு நடுகல் எடுத்த நாடு அது. அத்தகைய கற்களைத் தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். அந்நிலத்தார்க்கு ஆடும் புலியும் ஏட்டிற் கண்ட பெயர்களல்ல. மேனாட்டிலும் இக்காலத்து ஆட்டம் வகுப்போர் இவ்வழியே செல்லுதல் வியப்பாகும். 1995-இல் ஜெர்மனியில் கிளாவுஸ் டாய்பர் அமைத்த காட்டான் என்னும் ஆட்டத்தில் எவரும் இடையில் வெளியேற்றப்படுவதில்லை. 2008-இல் வெளிவந்த பாண்டெமிக் என்பதிலோ ஆடுவோர் ஒருவரையொருவர் எதிர்ப்பதே இல்லை. அனைவரும் ஒருங்குகூடிக் கொள்ளைநோயை எதிர்க்கின்றனர். நம் பாட்டியோ புதியோரை ஒருபக்கமாக அமர்த்தி, அப்பயனைக் கரித்துண்டினாலேயே பெற்றுவிட்டார்.

ஆறாம்நாள் மாலை அப்பெண் என்னருகில் வந்து, “அண்ணா, நின்றுபோனவர்கள் பத்தாவது எழுத முடியுமா?” என்று வினவினாள். பள்ளியில் மீண்டும் சேர்ந்தும் எழுதலாம், தனித்தேர்வராகவும் எழுதலாம் என்றேன். பெற்றோர் பெங்களூரிற் கட்டிடவேலையில் இருந்தனர். தம்பியைப் பார்த்துக்கொள்ளவே அவள் நின்றிருந்தாள். மறுநாள் ஆசிரியர் அவளுடைய பாட்டியாரோடு பேசினார். தம்பியை அங்கன்வாடியில் விடுவதென முடிவாயிற்று. தலைமையாசிரியரும் அவள் பெயரைப் பதிவேட்டில் மீண்டும் எழுத இசைந்தார். ஆட்டம் அவளைப் பள்ளிக்கு அனுப்பிற்று என்று யான் கூறத் துணியேன். வறுமையின் முடிச்சு அவ்வளவு எளிதில் அவிழ்வதன்று. வினவுதற்குரிய துணிவை அது தந்தது என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை. மற்றும் அறுவர் கடைசிநாள் வரையிலும் அவ்வினாவைக் கேட்கவில்லை. அவர்களுள் எவரும் தூண்மறைவிற் செல்லவுமில்லை.

ஆகவே, புதியோர்க்கு ஆட்டம் தேர்வோர் சிலவற்றைக் கருதுதல் நலம். விதி சில சொற்களில் அடங்குக. ஆட்டம் அரைமணியில் முடிந்து, தோற்றவர் உடனே மறுமுறை ஆடற்கு இடந்தருக. எவரும் பாதியில் வெளியேற்றப்படாதிருக்க. எழுத்தறியாதாரும் மொழியறியாதாரும் நாணுதற்கு இடமில்லாதிருக்க. முதலில் நற்பேறு மிகுந்த ஆட்டமும், பின்னர் அறிவு மிகுந்த ஆட்டமுமாக வரிசை அமைக. இவையனைத்தினும் மேலாக, கூட்டத்தில் ஒதுங்கி நிற்பவர் யாரென முதலிற் கண்டு, அவர் அறிந்த ஆட்டம் ஒன்றுண்டாயின் அதனையே கற்பிக்குமாறு அவரை வேண்டுக.

இவ்வறிவுரை சிற்றூர் முகாமிற்கு மட்டும் உரியதன்று. ஆண்டுதோறும் ஆனித் திங்களில் நம் மாணவர் விடுதிக்குப் பல ஊர்களினின்றும் புதியோர் வருகின்றனர். மலையூர்களினின்றும் வருவோர் சிலர், முதல் மாதம் முழுதும் தம் அறையைவிட்டு வெளிவாரார். மூத்த மாணவர் கேரம் பலகையைச் சூழ்ந்து நின்று ஆரவாரிப்பதைச் சன்னல் வழியே கண்டிருப்பர். அவருள் ஒருவரை அழைத்து, “தம்பி, உங்கள் ஊரில் என்ன ஆடுவீர்கள்? எங்களுக்குச் சொல்லிக்கொடு,” என்று கேட்டுப் பாருங்கள். சுண்ணக்கட்டி ஒன்றும் கூழாங்கல் பதினெட்டும் செலவு. ஒருமாலை நேரம் செலவு. அவர் கட்டத்தைக் கீறி முடிக்குமுன்னரே உங்கள் பெயரைக் கேட்டறிந்திருப்பார்.