அமீனும் அனாதீனமும்

எங்கள் தெருவுக்கு இரவுக் காவலுக்கு வரும் நேபாளத்து இளைஞரை எல்லோரும் கூர்க்கா என்றுதான் கூப்பிடுகிறோம். மாதப் பணம் வாங்கப் போன வாரம் வந்தார். முகம் வாடியிருந்தது. என்னப்பா என்றேன்.

"ஊர்ல நம்ம நிலத்துக்கு அமீன் வந்திருக்காரு சார்."

எனக்குத் திக்கென்றது. நம் ஊரில் அமீனா வந்தால் ஜப்திதானே? "எவ்வளவு கடன்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். அவர்கள் நாட்டில் அமீன் என்றால் நிலம் அளக்கிறவர், நம் சர்வேயர். அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கிறார்கள், தான் பக்கத்தில் இல்லையே என்பதுதான் அவர் கவலை.

வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விடுவேனா? உட்கார வைத்துக் காபி கொடுத்து விசாரித்தேன். நம் பட்டாவுக்கு அங்கே லால்பூர்ஜா என்று பெயர். கோயிலுக்கும் தர்மத்துக்கும் விட்ட நிலம் குடி. நாம் தேவதாயம் என்று எழுதியது போல. "ஊர்ல ஜாகிர் இல்ல சார், அதான் இங்க வந்தேன்" என்றார். ஜாகிர் என்றால் அவர்களுக்கு மாதச் சம்பள வேலை. ஒரு காலத்தில் அரசு ஊழியருக்குச் சம்பளத்துக்குப் பதிலாக விட்ட நிலத்துக்கு அந்தப் பெயர். அந்த முறை போய்விட்டது, பெயர் வேலைக்கு நின்றுவிட்டது.

மொகலாயர் ஆளாத நாடு நேபாளம். ஆனாலும் பாரசீக, அரபுச் சொற்கள் மலையேறிப் போயிருக்கின்றன. 1854-ல் ஜங் பகதூர் ராணா காலத்தில் வந்த சட்டத் தொகுப்புக்கே முலுகி ஐன் என்று பெயர். நாட்டுச் சட்டம் என்று பொருள். இரண்டு சொல்லும் வெளியிலிருந்து வந்தவை.

நம் கதையும் அதுதான். இந்தத் தருமபுரி அன்று பாராமகாலைச் சேர்ந்தது. 1792-ல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து கும்பினி கைக்குப் போனது. கேப்டன் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் இங்கேதான் நிலத்தை அளந்து, குடியானவரிடமே நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறையைத் தொடங்கினார்கள். ஆட்சி மாறியது, கணக்கின் பாஷை மாறவில்லை. தாசில் என்றால் வசூல், வசூலிப்பவர் தாசில்தார். பசல் என்றால் அறுவடை. அக்பர் காலத்துப் பசலி ஆண்டு இன்னும் ஜூலை முதல் தேதி பிறக்கிறது. அன்றைய ஆங்கில வருடத்தில் 590-ஐக் கழித்தால் பசலி வந்துவிடும். 2024 ஜூலையில் பிறந்தது 1434. அமீன் என்றால் நம்பிக்கைக்குரியவர். வாய்தா என்றால் வாக்குறுதி! கோர்ட்டுக்கு நடந்து செருப்புத் தேய்ந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

எனக்குச் சிரிப்பு வராத சொல் ஒன்று உண்டு.

தொண்ணூறுகளில் ஒரு ஜமாபந்தி. நான் உதவியாளராக இருந்தேன். மஞ்சள் பையோடு ஒரு பாட்டி வந்தார். ஒன்றேகால் ஏக்கர் கொல்லை, மாமனார் காலத்திலிருந்து கேழ்வரகும் அவரையும் போட்டு அனுபவிப்பது. பட்டா மட்டும் வரவில்லை. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தலை நிமிராமலே சொன்னேன். "அனாதீனம்னு இருக்கு பாட்டி. உங்க பேர்ல தர முடியாது."

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "நான் உசுரோட நிக்கறேன், என் கொல்லை எப்படி சாமி அனாதையாவும்?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். பாட்டி மனுவைக்கூடக் கொடுக்காமல் போய்விட்டார்.

அனாதீனம் என்றால் யார் ஆதீனத்திலும் இல்லாதது. ஆதீனம் என்றால் உடைமை, ஆளுகை. மடத்தை ஆதீனம் என்கிறோமே, அதே சொல்தான். உரிமையாளர் இன்னார் என்று தெரியாத நிலத்தை அப்படி எழுதி அரசு கணக்கில் வைப்பார்கள். யு.டி.ஆர். என்று நாம் சொல்லும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல பட்டா நிலங்கள் இப்படித் தவறுதலாக ஏறிவிட்டன. 1980 நவம்பரில் கர்ணம், முன்சீப் பதவிகள் ஒழிக்கப்பட்டதால், இது இன்னார் கொல்லை என்று வாய்க்கணக்காகச் சொல்லக்கூடியவர்களும் பல ஊர்களில் பொறுப்பில் இல்லை.

யோசித்தால் பாட்டி கேட்டதுதான் சரியான கேள்வி. உழுகிறவள் எதிரில் நிற்கும்போது அது எப்படி உரிமையாளர் தெரியாத நிலமாகும்? அகராதி தெரிந்த நான் சிரித்தேன். தெரியாத அவர் விஷயத்தைப் பிடித்துவிட்டார்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுவாரம் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிப் பாட்டியை வரவழைத்தேன். மஞ்சள் பைக்குள் மாமனார் பெயரில் கந்தாய ரசீதுகள் இருந்தன. பழைய 'அ' பதிவேட்டிலும் அவர் பெயர் இருந்தது. மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். விசாரணை, அறிக்கை என்று இரண்டு வருடம் ஓடியது. பட்டாவைக் கையில் வாங்கியபோது பாட்டி ஒன்றுதான் கேட்டார்: "அந்த வார்த்தையை எடுத்துட்டாங்களா சாமி?"

எடுத்துவிட்டார்கள் என்றேன். அதன்பின் பணியில் இருந்தவரை, பதிவேட்டில் உள்ள எந்தச் சொல்லையும் அர்த்தம் சொல்லாமல் மனுதாரரிடம் சொன்னதில்லை.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய பத்திரம், ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். பிள்ளைகளை உட்கார வைத்து அதிலுள்ள சொற்களைப் படித்துக் காட்டுங்கள். உங்கள் சர்வே எண்ணுக்கு எதிரே கணக்கில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். அதையேதான் அந்த நேபாளத்துத் தம்பியிடமும் சொன்னேன். பாகம் பிரித்து முடிந்ததும் லால்பூர்ஜாவில் தன் பெயர் இருக்கிறதா என்று அண்ணனைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்.