வால்பாறையில் பிடித்த படம்

வால்பாறைக்குப் போகிறவர்கள் புதுத்தோட்டத்தில் நின்று சிங்கவால் குரங்கைப் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். நான் எடுத்து வந்தது என்ன தெரியுமா? சமையலறைச் சுவரோரம் ஓடிய ஒரு குட்டி ஜீவனை!

என் தங்கையின் கணவர் அங்கே ஒரு டீ எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே ஏறிப் போய்ச் சேர்ந்தேன். சுற்றிலும் தேயிலை, அதற்கப்பால் மழைக்காடு. காலையில் கதவைத் திறந்தால் பனிமூட்டம் வாசற்படியில் வந்து நிற்கும்.

இரண்டாம் நாள் தங்கை புலம்பினாள். "அக்கா, பொழுது சாய்ஞ்சா போதும், எலி ஓடுது. எலி பேஸ்ட் வாங்கிட்டு வரச் சொல்லப் போறேன்."

எனக்குப் பகீரென்றது. அவள் பிள்ளைக்குப் பதினோரு மாதம். தவழ்கிற வயசு, தரையில் எது கிடைத்தாலும் வாய்க்குள்தான். சில எலி பேஸ்ட்களில் உள்ள மஞ்சள் பாஸ்பரஸ் கல்லீரலையே அழித்துவிடும். அதற்கென்று தனி மாற்று மருந்தும் கிடையாது.

"முதல்ல அது என்னன்னு பார்ப்போம். ரெண்டு நாள் பொறு" என்றேன்.

அன்று செல்போனும் கையுமாகக் காத்திருந்து எடுத்த படத்தில் விழுந்தது ஒரு கறுப்புத் தீற்றல்தான். நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் முதுகைத் தவிர என்ன தெரியும்? ஆனால் அது சுவரை ஒட்டியே போகிறது என்பதைக் கவனித்துக்கொண்டேன். மறுநாள் பிள்ளை தூங்கியதும், போனைத் தரையிலேயே ஒரு டப்பாவில் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டேன். அளவு தெரிவதற்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி. ஃப்ளாஷ் போடவில்லை, அறை விளக்கு மட்டும்.

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். கூம்பி நீண்ட மூக்கு. கடுகு போல் கண். அடிப்பக்கம் பருத்த வால், அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீண்ட முடி. எலிக்குக் கண் பெரிதாகப் பிதுங்கித் தெரியுமே!

"அக்கா, இது நம்ம பிள்ளையார் வாகனம்!" என்றாள் தங்கை.

ஆம், மூஞ்சூறுதான். அது எலி இனமே அல்ல. கரப்பான், பூச்சி, மண்புழு இவைதான் அதன் முக்கிய ஆகாரம். வீட்டு மூஞ்சூறா, காட்டு வகையா என்று அறுதியிட்டுச் சொல்லப் படம் மட்டும் போதாது. எங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. எலி பேஸ்ட் வீட்டுக்குள் வரவில்லை. கொல்லைக் கதவின் அடி இடுக்கை அடைத்தோம். குப்பைக் கூடைக்கு மூடி போட்டோம்.

மறுநாள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு கீரி. கழுத்தோரத்தில் கறுப்புப் பட்டை, வால் நுனியும் கறுப்பு. இரண்டும் படத்தில் விழுந்ததால், நம் ஊர்ச் சாம்பல் கீரி அல்ல, மலையில் இருக்கும் வேறு வகை என்று புரிந்தது.

சகோதரிகளே, நீங்களும் எடுத்துப் பாருங்கள். பக்கவாட்டுத் தோற்றம், முகம், வால் நுனி மூன்றும் தெரிய வேண்டும். இடம், தேதி, நேரம் குறித்து வையுங்கள். துரத்தவோ தொடவோ வேண்டாம், மூஞ்சூறும் கடிக்கும்.

நான் கிளம்பும்போது பிள்ளை அதே தரையில் தவழ்ந்து வாசல் வரை வந்து சிரித்தான். அந்தப் படத்தையும் எடுத்துக்கொண்டேன்.