ஐந்து மணிக்கு வருகிற ஜாக்

கும்பகோணத்தில் பெரியப்பா வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பெரியம்மா பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார். உறையை எடுத்து மடித்து வைத்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும் என்பது சட்டம். பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த அண்ணனுக்காக வாங்கியது அது. 2005 கோடை விடுமுறையில் அவன் ஊர் சுற்றப் போகும் நேரமெல்லாம் எனக்கு வந்து சேர்ந்தது.

நானும் அம்மாவும் அந்த வீட்டு மாடியில் குடியிருந்தோம். 2003-இல் ஜூன் 12 வந்தும் மேட்டூர் அணையைத் திறக்கவில்லை. குறுவை போடவில்லை. அம்மாவின் வளையல் அடகுக்குப் போயிற்று. அப்பா திருப்பூருக்கு, பனியன் கம்பெனிக்குப் போனார். ஊரில் வயலும் தாத்தாவும் மட்டும். வாரத்தில் ஒரு நாள் தாத்தா மஞ்சள் பையில் கீரையோடு பஸ் ஏறி எங்களைப் பார்க்க வருவார்.

அண்ணன் யாரிடமோ வாங்கி வந்த சிடி ஒன்றில் பழைய கேம்பாய் விளையாட்டுகளும், அவற்றைக் கம்ப்யூட்டரில் ஓட்டுகிற எமுலேட்டரும் இருந்தன. சண்டை, கார், துப்பாக்கி எல்லாம் அவனுக்கு. கழித்துக் கட்டியது எனக்கு: ‘ஹார்வெஸ்ட் மூன், ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மினரல் டவுன்’. இந்த வகைக்கு இப்போது கோஸி கேம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கத்தரிக்காய் கேம்.

கதை சின்னது. சிறுவயதில் ஒரு கிழவரின் பண்ணையில் தங்கிப் போன பையன், பெரியவனாகித் திரும்பி வருகிறான். கிழவர் இறந்துவிட்டார். பண்ணை அவனுக்கு. நீலத் தொப்பி போட்ட அந்தப் பையன்தான் நான். பெண்ணாக விளையாட வேறொரு பதிப்பு உண்டென்பது பிற்பாடு தெரிந்தது; அன்று அது ஒரு குறையாகவே படவில்லை. நிலம் முழுக்கக் கல், களை, மரக்கட்டை. பையில் மண்வெட்டி, அரிவாள், கோடாலி, சுத்தியல், பூவாளி.

காலை 6 மணிக்குப் பையன் எழுந்திருப்பான். மண்ணைக் கொத்தி, கட்டம் கட்டமாக விதை போட்டு, ஒவ்வொரு கட்டமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றியதும் அந்தக் கட்டம் மட்டும் கருக்கும். பூவாளி காலியானால் ஓடிப் போய்க் குளத்தில் நிரப்பிக்கொண்டு வர வேண்டும். ஒரு கட்டம், ஒரு அமுக்கு, கருப்பு. அடுத்த கட்டம், ஒரு அமுக்கு, கருப்பு. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். மழை நாளில் கதவைத் திறந்தால் எல்லாக் கட்டமும் தானே கருத்துக் கிடக்கும். அன்றைக்குப் பூவாளியைத் தொட வேண்டியதில்லை. கோழிகளை மட்டும் உள்ளே அடைத்துவிட்டு ஊருக்குள் போய் எல்லாரிடமும் ஒரு வார்த்தை பேசிவிட்டு வரலாம். அந்த மழை நாளின் குஷி பள்ளிக்கு விடும் மழை லீவில்கூடக் கிடைத்ததில்லை.

வீட்டுக்குள் நுழைந்தால் கடிகாரம் நின்றுவிடும் என்பது இன்னொரு சலுகை. யார் வீட்டில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் வெளியே பொழுது அப்படியே நிற்கும். இரவு படுக்கும் முன் டிவியைப் போட்டால் நாளைய வானிலை சொல்வான். மழை என்றால் மழைதான். வெயில் என்றால் வெயில்தான். சாயங்காலமானால் மாடிக்குப் போய் மேகம் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன வீட்டில், ஒரு டிவி சொன்னபடி மழை பெய்வதை நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனுக்கு இந்த நிதானம் பிடிக்காது. எமுலேட்டரில் ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தால் எல்லாம் பல மடங்கு வேகத்தில் ஓடும். அவன் வந்து உட்கார்ந்தால் பையன் பேய் பிடித்தவன் மாதிரி வயலில் பறப்பான், பாட்டு கீச்சென்று அலறும். அரை மணியில் ஒரு பருவம் முடிந்து பணம் ஏறியிருக்கும். “பாத்தியா, எவ்ளோ வந்துருக்கு!” என்று எழுந்து போவான். நான் என் சேவ் ஃபைலைத் திறந்து மறுபடி மெதுவாக மாட்டைத் தேய்க்கத் தொடங்குவேன். பிரஷ் போட்டால் மாட்டின் தலைமேல் ஒரு சின்ன இதயம் வரும். அதைப் பார்ப்பதற்குத்தான் மாடே வாங்கினேன்.

ஒரு நாள் தாத்தா என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வேடிக்கை பார்க்கிறார் என்று நினைத்தேன். கணக்குப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“இது என்ன முள்ளங்கியா?”

“டர்னிப் தாத்தா.”

“விதை என்ன விலை?”

“ஒரு பை 120.”

“ஒரு கிழங்கு என்னத்துக்குப் போவுது?”

“60.”

“ரெண்டு கிழங்கு வித்தா வெதக்காசு வந்துருச்சா!” நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். ஐந்து நாளில் அறுவடை என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சரக்கைப் பெட்டியில் போட்டால் மாலை 5 மணிக்கு ஜாக் என்ற தாட்டியான ஆள் வந்து எடுத்துக்கொண்டு போவான். தாத்தாவுக்கு அந்த ஜாக்கின்மேல் தனிப் பிரியம். “ஈரப்பதம் பாக்க மாட்டானா?” என்று கேட்டார். நெல்லில் ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதலில் எடுக்க மாட்டார்கள். ரோட்டில் கொட்டிக் காய வைத்து, குவியலுக்குப் பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுத்துக் காவல் காத்தவர் அவர். “பாக்க மாட்டான். எவ்ளோ போட்டாலும் எடுத்துப்பான். விலை எப்பவும் 60தான்” என்றேன். “எவ்ளோ போட்டாலுமா?” என்று இரண்டு தரம் கேட்டார்.

ஆள் பிரச்சினையும் பேசினோம். தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு குடிசையில் கலர் தொப்பி போட்ட குள்ளர்கள் ஏழு பேர். சிநேகம் பிடித்துக்கொண்டால் தண்ணீர் ஊற்றுவார்கள், அறுவடை செய்வார்கள். சிநேகத்துக்கு வழி, மாவு வாங்கிக் கொடுப்பது. தாத்தா அவர்களுக்குக் குட்டிச்சாத்தான் என்று பெயர் வைத்தார். அதன்பிறகு ஒவ்வொரு முறை வரும்போதும், “சாத்தானுக்கு மாவு குடுத்தியா?” என்பதுதான் முதல் கேள்வி.

இந்த மாதிரி விளையாட்டுகளைச் செய்தவர்களைப் பற்றிப் பின்னாளில் படித்தபோது எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. 1996-இல் முதல் ஹார்வெஸ்ட் மூனை உருவாக்கிய யசுஹிரோ வாடா, கியூஷு தீவில் மியாசாகியின் கிராமப்புறத்திலிருந்து டோக்கியோவுக்கு வந்தவர். 2001-இல் ‘அனிமல் கிராஸிங்’ செய்த கட்சுயா எகுச்சி, சிபாவில் குடும்பத்தை விட்டுவிட்டு வேலைக்காக கியோட்டோ போன தனிமையில் அதை யோசித்தவர். அந்த வாடாவின் விளையாட்டை உருகி உருகி விளையாடிய அமெரிக்க இளைஞர் எரிக் பரோன், நான்கு ஆண்டுக்கு மேல் ஒண்டி ஆளாக உட்கார்ந்து 2016-இல் வெளியிட்ட ‘ஸ்டார்ட்யூ வேலி’ கோடிக்கணக்கில் விற்றது. பிழைப்புக்காக ஊரை விட்ட வாடாவும் எகுச்சியும்தான் முதலில் இந்த ஊர்களைக் கட்டியிருக்கிறார்கள். திருப்பூரில் ஒரே அறையில் பலரோடு தங்கியிருந்த அப்பாவிடம் ஒரு கேம்பாய் இருந்திருந்தால் மாட்டைத் தேய்த்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

ஓய்வாக விளையாடலாம் என்பதால் இவை பிடிக்கின்றன என்கிறார்கள். எனக்கு அது பாதிதான் சரி. கவனித்துப் பார்த்தால் இவற்றில் வேலைக்குக் குறைவே இல்லை. விடிந்ததிலிருந்து படுக்கிறவரை வேலைதான். செய்த வேலைக்குப் பலன் வருமா என்ற பயத்தை மட்டும் எடுத்துவிட்டிருக்கிறார்கள். அனிமல் கிராஸிங்கில் டாம் நுக் வீட்டுக்குக் கடன் கொடுப்பான். வட்டி கிடையாது, தவணை தேதி கிடையாது. மினரல் டவுனில் கடன் என்ற பேச்சே இல்லை. கட்டையும் காசும் கையில் இருந்தால் தச்சன் கோட்ஸ் கொட்டகை கட்டுவான், இல்லையென்றால் கிடையாது.

அந்த ஆண்டின் கடைசியில் பெருமழை. வாய்க்கால் வழிந்தது. ஒரு வாரம் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்து, கம்ப்யூட்டர் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. சர்வீஸ் கடைக்காரர் ஹார்டு டிஸ்கை ஃபார்மட் அடித்துத்தான் கொடுத்தார். மாடு, கோழி, நாய், குட்டிச்சாத்தான்கள் ஏழும், கூடைகூடையாக விளைந்த கத்தரிக்காயும் போயின. நான் சாப்பிடாமல் படுத்திருந்தேன். மறுநாள் தாத்தா வந்தார். அம்மா விஷயத்தைச் சொல்ல, மாடியேறி வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

“எல்லாமே போயிருச்சா?”

“எல்லாமே.”

“வெளிய யாருக்காச்சும் பாக்கி இருக்கா?”

“இல்ல.”

“அப்பறம் என்னத்துக்கு அழுவுற? எந்திரி. அந்த சிடி எங்க இருக்குன்னு பாரு.”