பேரேடும் மின்துகளும்

தலைநகரில் கோப்புகளோடு காலங்கழிக்கும் நம்மை நோக்கி, “கூட்டலும் கழித்தலும் ஒரு தொழிலா?” என்று பொறியியல் பயிலும் நம் பிள்ளைகள் நகைப்பதுண்டு. அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் ஒரு செய்தி இருக்கிறது.

ராடாருக்கு ஆற்றல் தந்த குழிவறை மாக்னெட்ரானை, 1940-இல் பர்மிங்ஹாமில் ராண்டலும் பூட்டும் உருவாக்கினர். நம் அடுக்களை நுண்ணலை அடுப்புகளிலும் அதன் வழித்தோன்றலே இயங்குகிறது. நடுவே சூடேறிய எதிர்முனை. சுற்றிலும் குழிவறைகள் குடைந்த செம்பு. இடையே, காந்தப்புலத்தில் சுழலும் எலெக்ட்ரான்கள். அவை நகர்ந்தால் மின்புலம் மாறும். புலம் மாறினால் அவற்றின் வழியும் மாறும். இச்சிக்கலை ஒரே சூத்திரத்தில் அடக்க இயலவில்லை.

போர்க்காலத்தில் மான்செஸ்டரில் ஹார்ட்ரீயின் குழுவினர், காலத்தைச் சிறுசிறு அடிகளாகப் பகுத்து, எலெக்ட்ரான்களின் பாதையைக் கையாலேயே கணித்தனர். அவருள் ஒருவரான புனேமன், நாஜிகளின் சிறையில் இருந்து, பின்னர் நாட்டை விட்டு வந்த ஜெர்மானியர். நம்போல் சொந்த மண்ணை விட்டு வந்தவர்.

இன்று கணிப்பொறி, பல கோடி எலெக்ட்ரான்களுக்கு ஒரு துகளைப் பிரதிநிதியாக்கி அதே கணக்கைப் போடுகிறது. சக்கரத்து ஆரக்கால்கள்போல் மின்துகள் மேகம் சுழல்வதைத் திரையில் காட்டுகிறது. உயர்திறன் குழலைச் செம்பில் கடையுமுன்பே அதன் குறைகள் பல புலனாகின்றன.

வேகம் பெருகியது, நெறி மாறவில்லை. ஒரு வரியின் பிழை அடுத்த வரிக்கும் ஏறும் என்பதைப் பேரேடு நமக்கு என்றோ கற்பித்துவிட்டது. பிள்ளைகள் கற்கும் பெருங்கல்விக்கும் அடித்தளம் அந்தப் பொறுமையே.