ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்தவர்கள்

மத்தியானச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் அந்தத் திண்ணை நிறையும். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில் வில்லுக்குறி தாண்டி உள்ளே திரும்பினால், தென்னையும் ரப்பரும் மாறி மாறி வரும் சிற்றூர் ஒன்று. முன்பக்கம் நீளமாக இறக்கிக் கட்டிய ஓட்டு வீடு. சாயங்காலம் வரை வெளிச்சம் நிற்கிற இடம் என்பதால் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஐந்தாறு பேர் தங்கள் வேலையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அங்கே வந்துவிடுகிறார்கள். கை எம்பிராய்டரி இவர்கள் தொழில். குமரி மாவட்டத்தில் லேசில் தொடங்கிய இந்தக் கைவேலைக்கு இருநூறு வருட வரலாறு உண்டு. அதைப் பற்றிப் பேசலாம் என்று போன எனக்கு, பாயில் உட்கார்ந்ததும் காதில் விழுந்தது வேறொரு கணக்கு. நேற்றைக்கு யார் எவ்வளவு முடித்தார்கள், முடிக்காதவர்கள் ஏன் முடிக்கவில்லை என்கிற கணக்கு.

“நேத்து எத்தனை பூ ஆச்சு?”

“ஒண்ணரை. ரெண்டாவதுல எலை மட்டும் கெடக்கு. ஊசிய எடுத்தேன், கியாஸ்காரன் வந்தான். அவன் போனதும் பிள்ளைக்க ஸ்கூல் வேன் வந்தாச்சு.”

“எனக்கு அதுவும் இல்ல. மாமியாரக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். வந்து சேர ராத்திரி.”

“நான் பத்து மணிக்கு மேல எடுத்து வச்சேன். கரண்ட் போயிட்டு.”

யாரும் குறையாகச் சொல்லவில்லை. கேட்டவரும் ஆறுதல் சொல்லவில்லை. கோழி நெல்லில் வாய் வைத்தது, நாத்தனார் சொல்லாமல் வந்து நின்றது, சுய உதவிக் குழுக் கூட்டம், மழைக்கு முன்னால் விறகை எடுத்து வைத்தது, ரேஷன் கடை வரிசை என்று வந்துகொண்டே இருந்தன. சொல்லும்போதும் கைகள் ஓடிக்கொண்டிருந்தன.

எழுந்து போகிறபோது ஒவ்வொருவரும் ஒன்றைத் தவறாமல் செய்கிறார்கள். ஊசியைப் பூவின் பக்கத்தில் விடுவதில்லை. ஒரு சாண் தள்ளி, துணியின் ஓரத்தில், பிறகு மடித்துத் தைக்கப்போகிற இடத்தில் இரண்டு முறை நுழைத்துக் குத்தி வைக்கிறார்கள். திரும்பி வர ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகிவிட்டால், இந்த ஊர் ஈரக் காற்றில் ஊசி துருப்பிடிக்கும், துருக்கறை துணியைவிட்டுப் போகாது. எழுந்தால் எப்போது திரும்புவோம் என்று தெரியாது என்பதையும் சேர்த்தே தொழிலாகக் கற்றுக்கொண்ட கைகள் இவை.

வேலை ஏஜெண்ட் வழியாக வருகிறது. கட்டில் விரிப்பு, மேசை விரிப்பு, குழந்தைகளின் கவுன் என்று வெட்டிய துணியில் படம் பதித்தே வரும். படம் பதிக்கிற முறை எளிமையானது, அழகானது. மெல்லிய தாளில் பூவை வரைந்து, கோட்டின் மேலேயே ஊசியால் நெருக்கமாகத் துளை போடுவார்கள். தாளைத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த நீலப் பொடியைப் பஞ்சால் தேய்த்தால், துளைகள் வழியே புள்ளி புள்ளியாகப் பூ இறங்கிவிடும். முடித்துச் சலவை செய்யும்போது நீலம் போய்விடும், நூல் மட்டும் நிற்கும். ஆறு இழை கொண்ட நூலைப் பிரித்து ஒன்றோ இரண்டோ இழையாகக் கோக்கிறார்கள். ஆர்கண்டியில் நிழல் வேலை என்றால் துணியின் பின்பக்கத்தில் குறுக்கும் மறுக்குமாகத் தைக்க வேண்டும், முன்பக்கம் நிறம் மங்கலாகத் தெரியும். கட் ஒர்க் என்றால் பூவின் விளிம்பு முழுக்கக் காஜா போட்டு, பிறகு உள்ளிருக்கும் துணியை நுனிக் கத்தரியால் வெட்டி எடுக்க வேண்டும். அந்த வெட்டு வேலையை அங்கே ஒருவர்தான் செய்கிறார். மற்றவர்கள் தங்கள் துணியை அவரிடம் கொடுத்துவிட்டு, அவர் வெட்டி முடிக்கும்வரை அவருடைய பூவைத் தைத்துக் கொடுக்கிறார்கள். ஏஜெண்டின் நோட்டில் இந்தக் கைமாற்று இல்லை.

கறைதான் பெரிய பயம். சமையலறையிலிருந்து வருகிற கை அல்லவா? மஞ்சள் பட்டுவிட்டால் சோப்புப் போடாதே என்று வீட்டுக்கார அக்கா கவுன் தைக்கிற பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சோப்புப் பட்டால் மஞ்சள் சிவப்பாக மாறும், பார்த்ததும் பயந்துபோய் இன்னும் தேய்ப்பாய், துணி நைந்துவிடும். நன்றாக அலசிவிட்டு வெயிலில் போடு, வெயிலே அதைத் தின்றுவிடும். “கூலியில பிடிச்சிட்டுத்தான் தருவாங்க, பாத்துக்க” என்றார். சோப்பிலுள்ள காரம் மஞ்சளைச் சிவக்க வைக்கும் என்பதும், வெயிலில் அந்த நிறம் சிதைந்துவிடும் என்பதும் வேதியியல் பாடம். திண்ணையில் அது இந்தப் பக்கத்துக் கையிலிருந்து அந்தப் பக்கத்துக் கைக்குப் போகிறது.

இங்கே பேச்சு வேலைக்கு இடைஞ்சல் இல்லை. “இழுத்துப் பிடிக்காத பிள்ளே, சுருங்குது” என்பது ஒரு கல்யாணக் கதையின் நடுவில்தான் வருகிறது. வடிவம் தப்பியதைக் கண்டுபிடிப்பது பக்கத்துக் கண்தான். பெரிய கட்டில் விரிப்பு ஒன்றை இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையாக மடியில் போட்டுக்கொண்டு அப்ளிக் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வெட்டிய நிறத் துணியை விளிம்பு மடித்து விரிப்பின் மேல் வைத்துக் கண்ணுக்குத் தெரியாத தையல் போடுகிற வேலை. இரண்டு முனையிலும் தையல் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்றால் இரண்டு பேரும் ஒரே வேகத்தில் போக வேண்டும். பேசிக்கொண்டே தைத்தால்தான் அது அமைகிறது என்கிறார்கள். கையை நிறுத்துவது உள்ளே இருந்தோ வாசலில் இருந்தோ வருகிற கூப்பாடு.

திண்ணையின் மூலையில் எழுபது தாண்டிய ஒருவர். எல்லோருக்கும் அம்மச்சி. முளகுமூட்டு மடத்தில் சிறுமியாக இருந்தபோது லேஸ் படித்தவர். அவருடைய தலையணை இன்னும் இருக்கிறது. உருளையாக இறுக்கி அடைத்த தலையணை, அதன்மேல் துளையிட்ட அட்டை, துளைகளில் குண்டூசிகள், ஒவ்வொரு நூலின் முனையிலும் கனத்துக்கு ஒரு சின்ன மரக்கட்டை. கட்டைகள் ஜோடி ஜோடியாக நகரும். குறுக்கே மாற்று, முறுக்கு, இந்த இரண்டே அசைவுகள்தான். எத்தனை நுணுக்கமான லேசும் இவற்றிலிருந்தே வருகிறது. “இப்ப கண்ணு பத்தாது. ஆனா கைக்கு ஓர்மை இருக்கு” என்று சொல்லி, ஊசிகளைப் பார்க்காமலேயே நாலு வரி பின்னிக் காட்டினார்.

தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையிலிருக்கும் முளகுமூட்டுக்கு 1897-இல் பெல்ஜியத்தின் ஈப்ர் நகர மடத்திலிருந்து மரி லூயிஸ் தெ மேஸ்டர் என்ற துறவி வந்தார். அங்கே இருந்த அநாதைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர் தொடங்கிய சபைதான் பிறகு பல நாடுகளுக்குப் பரவிய ஐ.சி.எம். சபை. ஈப்ர் லேசுக்குப் பேர்போன ஊர். ஆனால் இந்த மண்ணில் லேஸ் அதற்கும் எழுபது வருடத்துக்கு மேல் மூத்தது. 1819-இல் லண்டன் மிஷனுக்காக நாகர்கோவில் வந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், 1821-இல் தங்கிப் படிக்கும் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். விற்ற பணம் பள்ளிக்கூடத்தை நடத்த உதவியது. அடிமைக் குடும்பங்களில் பிறந்த பெண்கள் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855-இல்தான் என்பதை நினைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். சட்டம் வருமுன்னே ஊசியும் நூலும் சிலருக்கு விடுதலை வாங்கித் தந்திருக்கின்றன.

அதே காலத்தில்தான் இங்கே, பெண்கள் மேலுடம்பை மூடும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம். மிஷன் பெண்கள் மதம் மாறிய பெண்களுக்காகத் தளர்வான குப்பாயம் தைத்துக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனவர்களின் உடையை மேல்சாதியினர் கிழித்தார்கள். 1822-இல் மூண்டது ஓய, 1859 ஜூலையில் மன்னரின் பிரகடனம் வர வேண்டியிருந்தது. உடம்பை மூடத் துணி கேட்டு அடிபட்ட ஊரில், அந்தப் பெண்களின் வழிவந்தவர்கள் அயல்நாட்டுக் கட்டில்களுக்கு விரிப்பு தைத்தார்கள், தைக்கிறார்கள். எனக்கு இதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. மார்த்தாவின் மகள் எலைசா நாகர்கோவிலிலேயே பிறந்து தமிழ் பேசி வளர்ந்தவர். ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது லேசையும் கூடவே கொண்டுபோனார். கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதப்பட்ட காலத்தில் அந்த ஊர்ப் பெண்கள் லேஸ் பின்னிக்கொண்டிருந்தார்கள்.

கூலி துண்டுக் கணக்கு. ஒரு நாள் முழுக்கத் தைத்தாலும் நூறுநாள் வேலைக் கூலி வராது என்று எல்லோருமே சொன்னார்கள். அப்படியானால் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குப் போகலாமே என்று கேட்டேன். இரண்டு பேர் அங்கே வேலை பார்த்தவர்கள்தான். ஒருத்திக்கு முந்திரி எண்ணெய் பட்டுக் கை பொரிந்துவிட்டது. இன்னொருத்தி படுத்த படுக்கையான அப்பாவை விட்டுவிட்டுக் காலையிலேயே போக முடியாமல் நின்றவர். “இதுன்னா வீட்டுலயே இருக்கலாம், சும்மா இருக்க நேரத்துல செய்யலாம்” என்றார்.

சும்மா இருக்கிற நேரம் எது என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. ஆந்திராவில் நரசாபூர் பக்கத்து லேஸ் பெண்களிடையே ஆய்வு செய்த ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ், 1982-இல் வெளியான தன் நூலில் இதைத்தான் எடுத்துக்காட்டினார். அங்கேயும் மிஷன் வழியாக வந்த தொழில், அங்கேயும் துண்டுக் கூலி. இவர்கள் வீட்டுப் பெண்கள், ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்காகப் பின்னுகிறார்கள் என்று சொல்லிச் சொல்லியே கூலியைத் தாழ்வாக வைத்திருந்தார்கள். தொழிலாளி என்று யாரும் எண்ணாததால் உழைப்பும் எண்ணப்படவில்லை. வீட்டிலிருந்து கூலிக்கு வேலை செய்கிறவர்களை மற்றத் தொழிலாளிகளுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் 177-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை.

பேச்சு ஏஜெண்டை விட்டு அவரவர் சொந்த வேலைக்குத் திரும்பியபோது திண்ணையின் குரலே மாறியது. எல்லோரிடமும் ஒன்று இருக்கிறது. வீட்டுக்கார அக்கா ஊர்த் திருவிழாவுக்காகப் பீடத்துணி ஒன்று தொடங்கியிருக்கிறார். கோதுமைக் கதிரும் திராட்சைக் கொடியும் நூல் உருவிய வேலையில். போன திருவிழாவுக்கே வைக்க நினைத்தது. கவுன் தைப்பவர் மகளின் கல்யாணத்துக்குத் தலையணை உறைகள் தைக்கிறார். கல்யாணம் முடிந்து பேரனும் பிறந்துவிட்டான், உறையில் மயிலுக்குத் தோகை வரவில்லை. கட்டில் விரிப்பைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர், இறந்துபோன தன் அம்மாவின் சேலைகளை நாலைந்து மடிப்பாக வைத்து, வெட்டில் மிஞ்சிய நிறத் துண்டுகளை மேலே ஒட்டி, ஓட்டுத் தையலில் ஒரு போர்வை தொடங்கியிருக்கிறார். உள்ளே போய் எடுத்து வந்து விரித்தார்கள். ஏஜெண்ட் கொண்டுவருகிற எந்தப் படத்திலும் இல்லாத நிறச் சேர்க்கை. நீலமும் அரக்கும் கருப்பட்டி நிறமும் கணக்கில்லாமல் வந்து, ஒரு மூலையில் அம்மாவின் சேலைத் தலைப்பு அப்படியே நிற்கிறது.

“இது எப்ப முடியும்?”

“ஆர்டர் இல்லாதப்ப எடுப்பேன்.”

“ஆர்டர் இல்லாதப்ப எடுத்தியா?”

“அப்ப ரப்பர் வெட்டுல்லா!”

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர்க் கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலை உடைகளை வெட்டி ஒட்டித் தங்கள் வீட்டுக் குளிருக்குத் தைத்த போர்வைகளை 2002-இல் அருங்காட்சியகச் சுவர்களில் மாட்டினார்கள். நவீன ஓவியத்தோடு வைத்துப் பேசினார்கள் விமர்சகர்கள். வயல் வேலைக்கும் அடுப்புக்கும் நடுவில் தைத்தவை அவையும். சேலைப் போர்வையை விரித்தபோது எனக்கு அந்தப் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். இந்த வட்டாரத்துக் கைகளின் மிகச் சிறந்த வேலை, கப்பலேறிப் போகிறதில் இல்லை, டிரங்குப் பெட்டிகளில் பாதியில் நிற்கிறது என்று நான் நினைக்கிறேன். ஆர்டருக்கு இடைஞ்சலாக வீடு இருக்கிறது. சொந்த வேலைக்கோ வீடு, ஆர்டர் இரண்டுமே இடைஞ்சல். அதனால் கடைசியாகத் தைக்கப்படுவது தைக்கிறவள் விரும்பியது.

அங்கே இருந்தவர்களில் இளையவள் நர்சிங் முடித்தவள். கல்யாண பிளவுசுக்கு ஆரி வேலை செய்கிறாள். நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய ஃபிரேமில், கொக்கி ஊசியால் ஜரிகையும் மணியும் கோக்கிற வேலை. இடையில் ஏஜெண்ட் இல்லை. பெண் வீட்டார் அவளிடம் நேரே வருகிறார்கள், விலையை அவளே சொல்கிறாள். எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டதும் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் காட்டினாள். உட்கார்ந்த மணி, எழுந்த மணி, மறுபடி உட்கார்ந்த மணி, எழுந்ததற்குக் காரணம். ஒரு பிளவுசுக்கு ஒரு பக்கம். மொத்த மணியைக் கூட்டி அதன்மேல் விலை வைக்கிறாள். முதலில் பேரம் பேசியவர்கள்கூட நோட்டைப் பார்த்த பிறகு கொடுத்துவிடுகிறார்களாம்.

நோட்டு கை மாறி மாறிப் போய் அம்மச்சியிடம் வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“எழும்பிப் போன நேரத்தையும் காசுல கூட்டுவியா மக்களே?”

“இல்ல அம்மச்சி, தச்ச நேரம் மட்டுந்தான்.”

“கழுத்து பிடிச்சிட்டு நிமிந்து உக்காருவோம்லா, அது?”

அவள் யோசித்தாள். கட் ஒர்க் வெட்டுகிறவர் அதைச் சேர்க்க வேண்டும் என்றார், கழுத்து வலித்தது வேலையால்தானே. கவுன் தைப்பவர் நூல் கோக்கிற நேரத்தையும் சேர்க்கச் சொன்னார், வெள்ளெழுத்து வந்த பிறகு அதுவே ஒரு வேலை என்றார். அடுத்தவர் துணியை வெட்டிக் கொடுக்கிற நேரத்தை யார் கணக்கில் எழுதுவது என்று ஒரு கேள்வி வந்தது. அது சீக்கிரம் தீரவில்லை. வீட்டுக்கார அக்கா உள்ளேயிருந்து பேரனின் பழைய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து, எழுதாத பக்கங்களைக் கிழித்து ஆளுக்கு இரண்டாகக் கொடுத்தார்.