அதிரசப் பாகும் ஆறாத கேள்வியும்

மறதி நோய்னா ஆண், பெண் எல்லாருக்கும் ஒண்ணுதானேன்னு நினைப்போம். இல்லைங்க. இந்தியாவுல 60 வயசு தாண்டினவங்கள்ல டிமென்ஷியா எவ்வளவு பேருக்குன்னு ஒரு பெரிய ஆய்வு 2023-ல வெளியாச்சு. மொத்தம் 7.4 சதவீதம். பிரிச்சுப் பார்த்தா பெண்கள்ல 9, ஆண்கள்ல 5.8. அமெரிக்காவுலயும் அல்சைமர் உள்ளவங்கள்ல மூணுல ரெண்டு பேர் பெண்கள்தான்.

இந்த நோய்க்குப் பேர் வரக் காரணமா இருந்ததும் ஒரு பெண்தான். 1901-ல ஃபிராங்ஃபர்ட் மருத்துவமனையில டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் பார்த்த ஆகுஸ்ட டேட்டர். அப்ப வயசு 51தான். கணவர் பேர் என்னன்னு கேட்டதுக்குத் தன் பேரையே சொன்னாங்களாம்.

பெண்கள் அதிக நாள் வாழறாங்க, அதனால அதிகம் வருதுன்னு சொல்லுவாங்க. அது ஒரு காரணம். நம்ம ஊர்ல அந்தக் காலத்துப் பெண்களைப் படிக்க வைக்காததும் ஒரு காரணம். ஆனா நான் சொல்ல வந்தது வேற. நோய் ஆரம்பிக்கும்போதே அதைக் கண்டுபிடிக்கறதுல ஒரு சிக்கல் இருக்கு.

எங்க பெரியம்மா கதையைச் சொன்னா புரியும். 2016-ல அவங்களுக்கு 68 வயசு. அந்தத் தீபாவளிக்கு அதிரசம் சுட உட்கார்ந்தவங்க, பாகு பதம் தெரியாம கரண்டியோட அப்படியே நின்னுட்டாங்க. நாப்பது வருஷமா கை பாட்டுக்குப் பண்ணின வேலை. அக்காதான் பயந்துபோய் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா, நானும் கூடப் போனேன். டாக்டர் மூணு வார்த்தை சொன்னார், கொஞ்ச நேரம் கழிச்சு திருப்பிக் கேட்டார். பெரியம்மா மூணையும் டக்குனு சொல்லிட்டு, "மார்க் போடுங்க தம்பி"ன்னாங்க. கூடவே டாக்டரோட சொந்த ஊர் எதுன்னு விசாரிச்சு, அந்த ஊர்ல கட்டிக்குடுத்த நாத்தனார் பொண்ணு கதையையும் ஆரம்பிச்சிட்டாங்க. "என்னைவிட ஷார்ப்பா இருக்காங்களே, வயசுதாம்மா காரணம்"னு அனுப்பிட்டார். அக்காவுக்கு மட்டும் மனசு ஆறல. "பாகு எப்படி மறக்கும்?"னு கேட்டுக்கிட்டே இருந்தா.

சிக்கல் இங்கதான். வார்த்தைகளை ஞாபகம் வச்சுக்கறதுல பெண்கள் சராசரியா ஆண்களைவிட வாழ்நாள் முழுக்க கொஞ்சம் முன்னாடி இருக்காங்க. மறதி சோதனையில பெரும் பகுதியும் வார்த்தைகள்தான்! எரின் சண்டர்மேன் குழு 2016-ல இதைப் பார்த்தாங்க. மூளையில ஞாபகத்துக்கான ஹிப்போகேம்பஸ் பகுதி ஓரளவு சுருங்கியிருந்தாலும், அதே நிலையில இருக்கற ஆண்களைவிடப் பெண்கள் அதிக மார்க் வாங்கறாங்க. ரொம்பச் சுருங்கினப்புறம்தான் அந்த வித்தியாசம் மறையுது. அதாவது மார்க் குறையும்போது நோய் பாதி தூரம் போயிருக்கும்.

அதே குழு 2019-ல, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி பாஸ் மார்க் வச்சுப் பார்த்தாங்க. ஆரம்பக் கட்ட மறதி இருந்தும் தப்பிச்ச பெண்கள் சுமார் 10 சதவீதம். இல்லாமலே இருக்குன்னு முத்திரை குத்தப்பட்ட ஆண்களும் சுமார் 10 சதவீதம். பாவம், ரெண்டு பக்கமும் அடி.

பெரியம்மாவுக்கு 2019-ல மறுபடி பார்த்தப்போதான் அல்சைமர்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் சரிவு மடமடன்னு இருந்துச்சு. இது எங்க வீட்டு அனுபவம் மட்டும் இல்ல, நினைவு குறைய ஆரம்பிச்சப்புறம் பெண்களுக்குச் சரிவு வேகமா இருக்குன்னு ஆய்வுகளும் சொல்லுது. லெக்கனிமாப்னு ஒரு மருந்தை 2023-ல அமெரிக்கா முழுசா அனுமதிச்சது. அது நோயைக் குணமாக்காது, கொஞ்சம் மெதுவாக்கும், அதுவும் ஆரம்பக் கட்டத்துல இருக்கறவங்களுக்கு மட்டும். அப்போ மூணு வருஷம்ங்கறது சின்ன விஷயமா?

அதனால வீட்டுல இருக்கற அம்மா, அத்தை, பாட்டிகளை "நல்லாத்தான் பேசறாங்களே"ன்னு மட்டும் வச்சு எடை போடாதீங்க. முன்னாடி சுலபமா செஞ்ச வேலை இப்போ தடுமாறுதான்னு பாருங்க. சமையல் பதம், மாத்திரைக் கணக்கு, சீட்டுப் பணம், பழகின பஸ் ரூட்டு... இதையெல்லாம் தேதியோட ஒரு நோட்டுல எழுதி டாக்டர்கிட்ட காட்டுங்க. அவர் பத்து நிமிஷம்தான் பார்ப்பார். பத்து வருஷம் முன்னாடி அவங்க எப்படி இருந்தாங்கன்னு வீட்டுல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். "மார்க் எல்லாம் சரியா இருக்கு"ன்னு சொன்னாலும், மனசுக்குச் சமாதானம் ஆகலைன்னா ஆறு மாசம் கழிச்சு மறுபடி கூட்டிட்டுப் போங்க.