மன்னர் சோலையும் மக்கள் சோலையும்

சோலையைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. கா, பொழில், தண்டலை, பூங்கா, நந்தவனம் என அவை விரிந்து செல்லும். இவற்றுள் 'கா' என்னும் ஓரெழுத்து ஒருமொழிக்குச் சோலை என்பதோடு காத்தல் என்ற பொருளும் உண்டு. அரபு மொழியில் சுவனத்தைக் குறிக்கும் 'ஜன்னத்' என்ற சொல்லின் நேர்ப்பொருள் தோட்டம் என்பதே. மூடுதல், மறைத்தல் என்னும் வேர்ப்பொருளிலிருந்து பிறந்தது அச்சொல். மண்ணை வெயில் காணாதவாறு மரங்கள் மூடி நிற்கும் இடமே தோட்டம் என்பது கருத்து. ஒரு மொழி காத்தலைக் கண்டது. மற்றொன்று நிழலைக் கண்டது. இவ்விரண்டும் ஒன்றாகக் கூடிய ஓரிடத்தை நேரில் காணும் பேறு எனக்கு வாய்த்தது. அதுவே பெங்களூரு மாநகரின் லால்பாக்.

'லால்' என்றால் சிவப்பு. 'பாக்' என்றால் தோட்டம். செந்தோட்டம் எனத் தமிழில் கூறலாம். மைசூரை ஆண்ட ஹைதர் அலி 1760இல் இதற்கு வித்திட்டார். சிரா நகரில் இருந்த முகலாயர் பாணித் தோட்டத்தைக் கண்டு மகிழ்ந்து, அதுபோல் ஒன்றை இங்கு அமைக்க விழைந்தார் என்பர். ஏறத்தாழ 40 ஏக்கரில் தொடங்கிய அத்தோட்டத்தை அவருடைய மைந்தர் திப்பு சுல்தான் பேணி வளர்த்தார். வெளிநாடுகளிலிருந்து விதைகளும் கன்றுகளும் வரவழைத்து நட்டார். போர்க்களத்திலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த தந்தையும் மகனும் பூச்செடிகளுக்கும் நேரம் ஒதுக்கினர் என்பது எண்ணி வியக்கத்தக்கது.

தோட்டம் போடுவது மன்னன் ஆணையாக இருக்கலாம். மண்ணைக் கிளறி நீர் பாய்ச்சும் கைகள் வேறல்லவா? திகளர் எனப்படும் தோட்டக்கலை மரபினர் இப்பணியில் பெரும்பங்கு ஆற்றினர். அவர்தம் முன்னோர் தமிழ்நிலத்திலிருந்து சென்றவர்கள் என்றும், அவர்கள் பேச்சில் இன்றும் தமிழின் சாயல் உண்டு என்றும் கூறுவர். ஆகவே அச்சோலையின் வேரில் தமிழகத்தின் வியர்வையும் ஊறியிருக்கிறது எனலாம்.

1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அரசு மாறியது, தோட்டம் மாறவில்லை. 1856இல் அது அரசுத் தாவரத் தோட்டமாக உருப்பெற்றது. 1874 முதல் 1908 வரை அதன் பொறுப்பில் இருந்த ஜான் கேமரானும், அவருக்குப்பின் 1932 வரை பணியாற்றிய ஜெர்மானியரான குரும்பிகலும் அதனை மேலும் வளப்படுத்தினர். நம் வீட்டுக் கூட்டுக்கும் பொரியலுக்கும் வாங்கும் சௌசௌவைப் 'பெங்களூர்க் கத்தரிக்காய்' என்கிறோமே, அக்காய் இப்பகுதிக்கு அறிமுகமானது கேமரான் காலத்தில்தான் என்பர். குரும்பிகலோ, ஒரு மரம் பூத்து ஓய்ந்ததும் அடுத்த மரம் பூக்கும்வண்ணம் சாலையோர மரங்களைத் தேர்ந்து நகரெங்கும் நடச் செய்தவர். விடுதலைக்குப்பின் மரிகௌடா போன்ற அறிஞர் பெருமக்கள் தோட்டத்தை விரிவாக்கினர். இன்று அதன் பரப்பு 240 ஏக்கர். நவாபின் விருப்பமும், ஆங்கிலேயரின் ஒழுங்கும், ஜெர்மானியரின் திட்டமும், உழைப்பாளரின் வியர்வையும் ஒரே மண்ணில் மரமாகி நிற்கின்றன. எந்த மரத்தை எவர் நட்டார் என்று நிழலில் அமர்வோர் கேட்பதில்லை.

நான் அங்குச் சென்றது வரலாறு படிக்க அன்று. என் அன்னையாரை அழைத்துச் செல்லவே சென்றேன். எழுபத்து நான்கு வயதான அவர்கள், என் அத்தா மறைந்தபின் இத்தாக் காலத்தை வீட்டினுள் கழித்தார்கள். அக்காலம் முடிந்து ஆண்டுகள் பல கடந்தும் வீட்டைவிட்டு வெளிவரும் பழக்கம் திரும்பவில்லை. மருத்துவமனை, உறவினர் வீட்டுத் திருமணம் ஆகிய இரண்டே அவர்கள் அறிந்த வெளியுலகமாயின. மார்க்கம் விதித்தது நான்கு மாதமும் பத்து நாளுமே. எஞ்சிய ஆண்டுகளை விதித்தது ஊர்வழக்கு. பெங்களூருவில் இருக்கும் என் தங்கையின் வீட்டுக்கு வந்திருந்தபோது, லால்பாக் போகலாம் என்றேன். "அங்கே பொம்பளைங்க உட்கார இடம் இருக்குமாம்மா?" என்று கேட்டார்கள். அக்கேள்வியின் பின்னே எங்கள் ஊரின் அறுபது ஆண்டுகள் இருந்தன. எங்கள் ஊர்ப் பூங்காவில் ஆடவர் செய்தித்தாள் படிப்பர். சிறுவர் பந்து விளையாடுவர். வயது முதிர்ந்த பெண் ஒருத்தி தனக்காக வந்து அமர்ந்ததை நான் கண்டதில்லை.

மெட்ரோ வண்டியில் சென்று இறங்கினோம். நுழைந்த சிறிது நேரத்தில் பெரும்பாறை எதிர்ப்பட்டது. 300 கோடி ஆண்டுகள் பழமையானதாகக் கணிக்கப்படும் அப்பாறை, தேசிய நிலவியல் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதன் உச்சியில் நகரை நிறுவிய கெம்பேகௌடரின் பெயர் தாங்கிய காவற்கோபுரம் நிற்கிறது. பத்து வயதான என் மகன் மூச்சிரைக்க மேலே ஓடினான். "நன்னி, இங்கிருந்து ஊரே தெரியுது!" என்று கூவினான். ஒரு காலத்தில் நகரின் எல்லையைக் காட்ட எழுந்தது அக்கோபுரம். இன்று நகரின் நடுவே அது அகப்பட்டு நிற்கிறது.

அம்மாவால் பாறையில் ஏற இயலவில்லை. நாங்கள் இருவரும் மெல்ல நடந்து கண்ணாடி மாளிகையை அடைந்தோம். இலண்டன் பளிங்கு மாளிகையை முன்மாதிரியாகக் கொண்டு, 1889இல் இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்ட எழுந்த இரும்புக் கட்டடம் அது. குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி மலர்க்காட்சிகள் நடைபெறுவது இங்கேதான். நாங்கள் சென்ற நாளில் காட்சி ஏதும் இல்லை, கூட்டத்திற்கோ குறைவில்லை. ஏரிக்கரையில் முதியோர் நடைபயின்றனர். கல்லூரி மாணவர் சிலர் மரப்பெயர்ப் பலகைகளைக் குறிப்பெடுத்தனர். புல்வெளியில் குழந்தை தள்ளாடி நடக்கப் பழகியது. பர்தா அணிந்த பெண்கள் நால்வர் தூக்குச்சட்டியைத் திறந்துவைத்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தனர். அவர்களையே அம்மா நெடுநேரம் பார்த்தார்கள். பின்னர், நான் சொல்லாமலே, ஒரு மாமரத்தடியில் அமர்ந்தார்கள்.

"இது யாரு போட்ட தோட்டம்?" என்றார்கள். ஹைதர் அலி என்றேன்.

"இப்போ யாருக்குச் சொந்தம்?" "எல்லாருக்கும் சொந்தம்மா."

சற்றே எண்ணினார்கள். "அப்ப நமக்கும்தான்" என்று கூறிக் கால்களை நன்றாக நீட்டிக்கொண்டார்கள். மதியம் சாயும்வரை எழுந்திருக்க மனம் வரவில்லை. களையெடுத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி தமிழ் பேசுபவள் என அறிந்ததும், அவளிடம் மருதாணி வளர்ப்புப் பற்றி உரையாடத் தொடங்கிவிட்டார்கள். வீட்டில் நாளெல்லாம் பத்துச் சொல் பேசாதவர்கள் அவர்கள்.

அவ்வேளையில் என் நினைவு மணிமேகலைக் காப்பியத்தை நாடியது. மலர் கொய்ய மணிமேகலை புறப்படும்போது, எந்தச் சோலைக்குச் செல்வது என்ற வினா எழுகிறது. இலவந்திகைச் சோலை அரசனுக்கு உரியது. வேறு சோலைகளுக்கோ தெய்வக் காவல் உண்டு. ஒவ்வொன்றாக விலக்கியபின் உவவனமே தக்கதெனச் சுதமதி கூறுகிறாள். அழகிய சோலைகள் நிறைந்த புகார் நகரிலும் ஒரு பெண் அஞ்சாது செல்லத்தக்க சோலையை ஆராய்ந்தே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அந்த உவவனத்திற்கும் அரசிளங்குமரன் உதயகுமரன் தேரேறிப் பின்தொடர்ந்தான். சாத்தனார் காட்டும் இந்நிலைக்கும், "பொம்பளைங்க உட்கார இடம் இருக்குமா?" என்ற என் அன்னையின் கேள்விக்கும் இடையே காலம் எவ்வளவோ ஓடியிருக்கிறது, கேள்வி மாறவில்லை. மன்னனின் சோலை மக்களின் சோலை ஆவது, வாயிற்கதவு திறக்கப்படுவதால் மட்டும் நிகழ்வதன்று. தயங்கி வருபவர் தயக்கம் நீங்கி அமரும்போதுதான் அம்மாற்றம் முழுமை பெறுகிறது.

ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது நட்டவருக்குத் தருமமாக எழுதப்படும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய நெறி. உண்பவர் எவ்வினம், எம்மதம் என்ற நிபந்தனை அதில் இல்லை. நிழலுக்கும் அதுவே பொருந்தும் என்று கருதுகிறேன். லால்பாக்கை நட்டோர் பலரும் மண்ணில் மறைந்துவிட்டனர். அவர்தம் தருமம் மட்டும் ஒவ்வொரு காலையிலும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கிறது.

நம் ஊர்களில் 240 ஏக்கர் கிடைப்பது அரிது. எனினும், நான்கு வேம்பும், குடிநீரும், தூய்மையான கழிப்பறையும், முதுகு சாயத்தக்க இருக்கைகள் சிலவும் அமைந்த சிறு பூங்கா ஒன்று எட்டாக் கனியன்று. படித்துப் பட்டம் பெற்று நாளை நகராட்சியிலும் ஜமாஅத்திலும் பொறுப்பேற்கவிருக்கும் மாணவச் செல்வங்களே! ஒரு திடலைப் பூங்காவாக்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்குமானால், முதலில் சிறுவர் ஊஞ்சலுக்கு இடம் ஒதுக்குங்கள். அதனருகிலேயே நல்ல நிழலில் ஓர் இருக்கை போடுங்கள். அதில் உங்கள் நன்னியை அமரச் செய்யுங்கள்.

'கா' என்ற சொல்லின் இரு பொருளும் அன்று ஒன்றாகும்.